நீல நிறத்துக்கு மூன்று லட்சம் மேற்கோள்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழக மருந்தியல் துறைக்குத் தலைவராக இருந்தவர் ஆலிவர் லோரி. 1951இல் அவரும் மூன்று சகாக்களும் ‘ஜர்னல் ஆஃப் பயலாஜிகல் கெமிஸ்ட்ரி’யில் பதினோரு பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். கரைசலில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் வழி. விஷயம் அவ்வளவுதான். 2014இல் ‘நேச்சர்’ இதழ் கணக்கெடுத்தபோது, அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிய ஆய்வுகள் 3 லட்சத்தைத் தாண்டியிருந்தன. அறிவியல் கட்டுரைகளில் அதுதான் முதலிடம். டிஎன்ஏவின் வடிவத்தைச் சொன்ன வாட்சன், கிரிக்கின் 1953ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு அதே கணக்கில் ஐயாயிரத்துச் சொச்சம்.

செய்முறை எளிது. காரத்தன்மையுள்ள செம்புக் கரைசலில் புரதத்தைக் கலந்தால் செம்பு அதன் பிணைப்புகளைப் பற்றிக்கொள்ளும். பிறகு ஃபோலின் வினைபொருளைச் சேர்க்க, கரைசல் நீலமாகும். புரதம் கூடக்கூட நீலமும் அடர்த்தியாகும். அளவு தெரிந்த புரதக் கரைசலின் நிறத்தோடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். ஒரு நொதி எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கிறது என்பதை ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு இவ்வளவு என்றுதான் சொல்ல முடியும். எனவே ஈரலை ஆராய்ந்தவரும் இதைச் செய்தார், பாக்டீரியாவை ஆராய்ந்தவரும் செய்தார். நெல் எந்த ஊரில் விளைந்தால் என்ன, அளக்கப் படி வேண்டுமே!

இதில் ஒரு வேடிக்கை. லோரி இதைக் கட்டுரையாக எழுத முதலில் அவசரப்படவே இல்லை. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஏர்ல் சதர்லண்ட் அப்போது அதே பல்கலைக்கழகத்தில் இருந்தார். ‘வெளியிடப்படாத முறை’ என்றே எத்தனை நாள் குறிப்பிடுவது, சுட்டிக்காட்ட ஏதாவது வேண்டும் என்று அவர்தான் கேட்டார். லோரியின் மனமோ வேறிடத்தில் இருந்தது. ஒற்றை நரம்புச் செல்லுக்குள் இருக்கும் வேதிப்பொருள்களை அளப்பது அவருடைய ஆசை. அதற்காக மெல்லிய குவார்ட்ஸ் இழையாலான தராசுகளையே உருவாக்கினார். என் கணக்கில் அவருடைய பெரிய வேலை அதுதான். புரதக் கட்டுரை அப்படியொன்றும் மகத்தானதல்ல என்று 1977இல் அவரே எழுதினார். அதற்குக் கிடைக்கும் வரவேற்பில் உள்ளூர ஒரு குஷி இருப்பதையும் மறைக்கவில்லை.

மேற்கோள்களை எண்ணும் பழக்கத்துக்கு வழி திறந்தவர் பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த யூஜின் கார்ஃபீல்ட். 1964இல் வெளிவந்த அவருடைய மேற்கோள் அட்டவணை, ஒரு கருத்து எங்கிருந்து எங்கே போயிற்று என்று தேடிப் படிப்பதற்கானது. நாளடைவில் அதையே வைத்து ஆட்களை எடைபோடத் தொடங்கினார்கள். 2005இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் ஹெச்-இண்டெக்ஸைக் கொண்டுவந்தார். ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள் தலா 20 மேற்கோளாவது பெற்றிருந்து, 21 கட்டுரைகள் தலா 21 பெறவில்லை என்றால் அவருக்கு 20. இந்தக் கணக்கில் லோரியின் 3 லட்சமும் ஒரே ஒரு கட்டுரைதான். பதவி உயர்வு நேர்காணல்களில் இந்த எண்ணைக் கேட்பவர்களில் எத்தனை பேர் கட்டுரையைப் புரட்டிப் பார்த்திருப்பார்கள்?

நேச்சர் பட்டியலின் முதல் மூன்று இடங்களுமே புரத ஆய்வகத்தின் செய்முறைகளுக்குத்தான். நான்காவது, டிஎன்ஏவின் எழுத்துகளை வரிசையாகப் படிக்க வழி சொன்ன ஃபிரெடெரிக் சாங்கர் குழுவின் 1977ஆம் ஆண்டுக் கட்டுரை. இரண்டு நோபல் பரிசு வாங்கியவர் அவர்.

எண்ணிக்கையில் சிக்காத செல்வாக்கும் உண்டு. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம், எங்கே அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று கணக்கிட்டு வரைந்து காட்டினார்கள். இன்று புதிதாகக் கண்டறியும் புரத அமைப்பை உலகத் தரவு வங்கியில் சேர்க்கும்போது, ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சரிபார்ப்பது வழக்கமான சோதனை. ஆனால் பெயரே பொதுச்சொத்தாகிவிட்டதால், பலரும் கட்டுரைக்குள் அதை எழுதிவிட்டு மூலத்தைச் சுட்டாமல் போய்விடுகிறார்கள். கடைசிப் பக்கத்து மேற்கோள் பட்டியலை மட்டும் எண்ணும் கணினியின் கண்ணில் அது படுவதில்லை.