கடல் கடந்து வரும் மருத்துவமனை



கப்பல் என்ற சொல்லைக் கேட்டதும் சரக்கும், பயணமும், போரும் நம் நினைவுக்கு வருகின்றன. இம்மூன்றிலும் சேராத கப்பல்களும் உலகில் உண்டு. அவை ஒரு துறைமுகத்தை அடைந்தால், மேடையருகே கட்டப்பட்டு மாதக்கணக்கில் அங்கேயே தங்கும். நோயாளிகள் ஏணிப்படி ஏறி உள்ளே செல்வர். நலம் பெற்று இறங்கி வருவர். கிறிஸ்தவத் தொண்டு நிறுவனமான ‘மெர்சி ஷிப்ஸ்’ நடத்தும் மருத்துவக் கப்பல்களையே குறிப்பிடுகிறேன். ‘கருணைக் கப்பல்கள்’ என்பது அப்பெயரின் பொருள்.

இந்நிறுவனத்தை டான் ஸ்டீபன்ஸ் என்பவரும் அவர் மனைவி டேயனும் 1978-ஆம் ஆண்டில் தொடங்கினர். இத்தாலி நாட்டின் ‘விக்டோரியா’ என்னும் பழைய பயணக் கப்பலை விலைக்கு வாங்கி, பழுது பார்த்து, மருத்துவமனையாக மாற்றினர். அதற்கு ‘அனஸ்தாஸிஸ்’ என்று பெயரிட்டனர். கிரேக்க மொழியில் உயிர்த்தெழுதல் என்பது அதன் பொருள். அது 2007-இல் ஓய்வு பெற, டென்மார்க்கில் ரயில் பெட்டிகளை ஏற்றிச் சென்ற ஒரு கப்பல் ‘ஆப்பிரிக்கா மெர்சி’யாக உருமாறி அதன் இடத்தை ஏற்றது. தொடக்கத்திலிருந்தே மருத்துவமனையாகத் திட்டமிடப்பெற்ற ‘குளோபல் மெர்சி’ சீனாவில் கட்டப்பட்டு 2021-இல் முடிவுற்றது. அதன் நீளம் 174 மீட்டர். உள்ளே ஆறு அறுவை அரங்குகளும் 199 படுக்கைகளும் உள்ளன.

மருத்துவமனையைக் கரையில் கட்டலாகாதா, கப்பல் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அறுவை மருத்துவத்துக்குக் கத்தி பிடிக்கத் தெரிந்த கை மட்டும் போதாது. தடைபடாத மின்சாரம், தூய நீர், கிருமி நீக்கிய கருவிகள், மயக்க மருந்து, பிராணவாயு, இரத்தம் ஆகிய யாவும் ஒரே வேளையில் வேண்டும். ஒன்று குறைந்தாலும் உயிருக்கு ஆபத்து. பாதுகாப்பான அறுவை மருத்துவம் கிட்டாதவர்கள் உலகில் 500 கோடிப் பேர் என்று அறிஞர் குழு ஒன்று 2015-இல் கணக்கிட்டது. வறிய நாடுகளில் இவ்வசதிகளை உண்டாக்கப் பல ஆண்டுகள் ஆகும். கப்பலோ அனைத்தையும் தன்னுடனே கொண்டு வருகிறது. இரத்தம் தேவைப்படும்போது கப்பல் பணியாளரே நன்கொடையாளர் ஆகின்றனர்.

அங்கு வரும் குழந்தைகளின் துன்பங்கள் பல, நம் நாட்டுக்கும் புதியவை அல்ல. மேலுதடு பிளந்து பிறக்கும் குழந்தையால் தாய்ப்பாலைச் சரியாக உறிஞ்ச முடியாது, உடல் நலிவடைகிறது. ஓரிரு மணி நேர அறுவையால் அந்த உதட்டைச் சேர்த்துவிடலாம். பாதம் உட்புறம் திரும்பிப் பிறந்த குழந்தைக்கு வாரந்தோறும் மாவுக்கட்டை மாற்றிப் பாதத்தைச் சிறிது சிறிதாக நேராக்குவர்; பின்னர்ச் சில ஆண்டுகள் இரவில் தனிக் காலணி அணிய வேண்டும். அடுப்புத் தீயில் வெந்த குழந்தையின் தோல் சுருங்கி, கை மடங்கி ஒட்டிக்கொள்வதும் உண்டு. அதனை விடுவித்து, உடலின் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டுவர். கண்புரையோடு பிறந்த குழந்தைக்குக் காலம் தாழ்த்தலாகாது. ஒளி நெடுநாள் உட்புகாவிடில், பார்க்கக் கற்கும் திறனை மூளையே இழந்துவிடும்.

இப்பணியாளர்களில் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். மருத்துவரும் செவிலியரும் மட்டுமல்லர். சமையற்காரர், பொறியாளர், மின்பணியாளர், கப்பலில் வாழும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் எனப் பலரும் உளர். கேரி பார்க்கர் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் 1980-களில் சில மாதங்களுக்கென்று வந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கப்பலிலேயே தங்கிவிட்டார். தொண்டர்களைச் செலுத்துவது கிறிஸ்தவ நம்பிக்கை. ஆயினும் நோயாளியின் மதத்தைப் பார்த்துச் சிகிச்சை அளிப்பதில்லை. முஸ்லிம்கள் மிகுந்து வாழும் செனெகல் நாட்டின் தாக்கார் துறைமுகத்திலும் இக்கப்பல்கள் தங்கிப் பணியாற்றியுள்ளன.

இவ்வளவும் போற்றத்தக்கவையே. எனினும், சிந்திக்கத் தெரிந்த மாணவர்கள் இங்கே ஒரு கேள்வி எழுப்புவர்: கப்பல் புறப்பட்டுப் போன மறுநாள் பிளந்த உதட்டோடு பிறக்கும் குழந்தைக்கு யார் துணை?

இக்கேள்வியின் கடுமையை 2014-ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டில் கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய நாடுகளில் எபோலா என்னும் கொடிய தொற்றுநோய் பரவிற்று. மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் செல்லவிருந்த ‘ஆப்பிரிக்கா மெர்சி’ திசை மாறி மடகாஸ்கருக்குச் சென்றது. அறுவைக்கென அமைந்த கப்பல், தொற்றுநோயைத் தாங்கும் வசதி உடையதன்று. ஆகவே அம்முடிவைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அந்நாடுகளின் சொந்த மருத்துவரும் செவிலியரும் எங்கே செல்வர்? அவர்கள் நோயாளிகளின் அருகிலேயே நின்றனர். மூன்று நாடுகளிலும் 500-க்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளர்கள் அந்நோய்க்கு இரையாயினர். பணியாளர் குறைந்திருந்த நாடுகளில் அந்த இழப்பை எளிதில் ஈடுசெய்ய இயலுமா?

கப்பலுக்குத் திசை மாற வழியுண்டு, கரைக்கு இல்லை. ஆகையால் நிலைத்த உதவி கரையில் வாழ்வோரின் கைகளிலேயே தங்க வேண்டும். இதனை உணர்ந்தே இந்நிறுவனம் சிகிச்சையோடு பயிற்சியையும் தன் கடமையாகக் கொண்டுள்ளது. உள்நாட்டு அறுவை மருத்துவர்கள் கப்பல் மருத்துவர்களுடன் நின்று பழகுகின்றனர். மயக்க மருந்து கொடுப்போரும் செவிலியரும் பயிற்சி பெறுகின்றனர். கருவிகளைப் பழுது பார்ப்போருக்கும் பாடம் உண்டு. இது சிறு செய்தியன்று; நன்கொடையாக வந்த விலையுயர்ந்த கருவி, சீர்செய்ய ஆளின்றி மூலையில் கிடந்தால் யாருக்குப் பயன்? ‘குளோபல் மெர்சி’யில் பயிற்சிக்கென்றே தனிக் கூடம் அமைந்துள்ளது. அக்கப்பல் 2023-இல் சியரா லியோனின் தலைநகர் பிரீடவுனை அடைந்தபோது, நோயாளிகளுக்கான பணியும் மருத்துவருக்கான பயிற்சியும் ஒருங்கே அங்குத் தொடங்கின.

நெடுங்காலம் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஆசிரியர் வகுப்பில் இருக்கும்போது மாணவன் போடும் கணக்கு பெரிதன்று. ஆசிரியர் போன பின் அவன் தானே போடும் கணக்கே கற்பித்தலின் அளவுகோல். அயல்நாட்டுத் தொண்டுக்கும் இதுவே பொருந்தும். எத்தனை பேருக்கு அறுவை செய்தார்கள் என்று கேட்பது முறையே. அதனோடு, அறுவை செய்ய எத்தனை பேருக்குக் கற்றுக் கொடுத்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

உங்களுள் சிலர் நாளை மருத்துவராகவும், செவிலியராகவும், பொறியாளராகவும் ஆவீர்கள். நம் நாட்டின் ஓர் எளிய ஊருக்கோ, அயல்நாட்டின் ஒரு துறைமுகத்துக்கோ பணியாற்றச் செல்லும் வாய்ப்பும் சிலருக்கு வரலாம். அப்போது உங்கள் திறமையை அங்குள்ளோருக்கு அளிப்பதோடு நில்லாமல், அதனை அவர்களிடமே விட்டு வாருங்கள்.