விடுதி அறைக்குச் சின்ன ஃப்ரிட்ஜ்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கல்லூரி திறக்கும் நேரம் வந்துவிட்டால் நம் மஹல்லாவிலிருந்து சென்னை, கோவை, திருச்சி என்று பிள்ளைகள் படிக்கப் புறப்படுகிறார்கள். பாய், தலையணை, பக்கெட் என்று வாங்கும் சாமான்களோடு, "அறைக்கு ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் வேண்டும்" என்ற பேச்சும் இப்போது பல வீடுகளில் எழுகிறது. சிலருக்கு அது ஆசை, சிலருக்கு அவசியம். எதுவாக இருந்தாலும், விலை குறைவு என்பதற்காகத் தவறான பெட்டியை வாங்கிவிட்டால் பணமும் போகும், உடல்நலமும் கெடும்.

முதலில், தேவைதானா?

ஹாஸ்டலில் மூன்று வேளையும் சாப்பாடு கிடைத்து, குளிர்ந்த தண்ணீருக்காக மட்டும் கேட்டால் ஒரு மண்பானை போதும். தேவையில்லாததற்குச் செலவழிப்பது வீண்விரயம். ஆனால் வாடகை அறையில் தங்கித் தாங்களே சமைக்கும் பிள்ளைகளுக்கு ஃப்ரிட்ஜ் பயன்படும். ரமலானில் இரவு சமைத்த குழம்பை ஸஹர் வரை வெளியில் வைத்தால் எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகிவிடும். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் அறைச் சூட்டில் விடக் கூடாது. சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. இன்சுலின் போடும் பிள்ளைக்கோ ஃப்ரிட்ஜ் மிகவும் அவசியமானது.

வாங்கும் முன் வார்டனிடமோ வீட்டுக்காரரிடமோ அனுமதி கேளுங்கள். பல விடுதிகளில் ஃப்ரிட்ஜுக்குத் தடை உண்டு. மருத்துவக் காரணம் இருந்தால் டாக்டரின் கடிதத்தோடு கேளுங்கள். அனுமதி இல்லாமல் மறைத்து வைப்பது ஒப்பந்தத்தை மீறுவதாகும்.

இரண்டு வகைகள்

கடைகளிலும் ஆன்லைனிலும் 'மினி ஃப்ரிட்ஜ்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருட்கள் விற்கப்படுகின்றன.

ஒன்று, கம்ப்ரஸர் உள்ளது. வீட்டு ஃப்ரிட்ஜைப் போலவே வேலை செய்யும். பெரும்பாலும் 45 முதல் 100 லிட்டர் வரை கிடைக்கும். நல்ல நிலையில் இருந்தால் வெயில் காலத்திலும் பொதுவாக உள்ளே 5 டிகிரிக்குக் கீழே கொண்டுவரும்.

மற்றொன்று, கம்ப்ரஸர் இல்லாதது. 'தெர்மோஎலெக்ட்ரிக்' என்று போட்டிருப்பார்கள். சிறியது, சத்தம் குறைவு, விலையும் குறைவு. ஆனால் இது அறையின் வெப்பத்தைவிட ஏறத்தாழ 15 முதல் 20 டிகிரி மட்டுமே குறைக்கும். மே மாதத்தில் அறை 36 டிகிரி இருந்தால், பெட்டிக்குள் 16 டிகிரிக்குக் கீழே இறங்குவதே பெரிய விஷயம். அதில் ஜூஸ் வைக்கலாம். பால், இறைச்சி, மீதமான பிரியாணி, இன்சுலின் எதையும் நம்பி வைக்க முடியாது. நம் ஊர் வெயிலுக்கு இது வேண்டாம்.

மின்சாரக் கணக்கு

கம்ப்ரஸர் இல்லாத பெட்டி வெயில் காலத்தில் ஓய்வின்றி ஓடும். 50 வாட் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.2 யூனிட், மாதம் 36 யூனிட். கம்ப்ரஸர் வகை குளிர்ந்ததும் தானே நின்றுவிடும். நட்சத்திர லேபிளில் ஆண்டுக்கு 150 யூனிட் என்று இருந்தால், மாதம் 12 அல்லது 13 யூனிட்தான். வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார் என்றால், பத்து மாதத்தில் வித்தியாசம் 2,300 ரூபாயைத் தாண்டும். விலையில் மிச்சம் பிடித்தது கரண்ட் பில்லில் போய்விடும்.

எந்த அளவு?

ஒருவருக்கு 45 முதல் 50 லிட்டர் போதும். மூன்று பேர் சேர்ந்து வாங்குவதானால், ஒற்றைக் கதவுள்ள 180 லிட்டர் ஃப்ரிட்ஜின் விலையையும் விசாரியுங்கள். ஆளுக்கு வரும் பங்கு சின்ன ஃப்ரிட்ஜின் விலையைவிடக் குறையலாம். ஆனால் யார் எவ்வளவு கொடுத்தார், படிப்பு முடிந்தபின் யாருக்கு என்பதை முதலிலேயே எழுதிவையுங்கள். சின்ன ஃப்ரிட்ஜின் ஐஸ் அறையில் பச்சை இறைச்சியை வாரக்கணக்கில் வைக்க முடியாது. ஊரிலிருந்து கொண்டுபோகும் கறியை இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும்.

பழையது வாங்கினால்

படிப்பு முடித்துப் போகும் மாணவர்கள் குறைந்த விலைக்கு விற்பார்கள். வாங்கும் முன் இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். எளிதாக வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. வயர் உருகியிருக்கிறதா, பில் இருக்கிறதா என்று பாருங்கள். கொண்டுவந்ததும் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். கெட்டில், அயர்ன் பாக்ஸோடு ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டாதீர்கள்.

இன்சுலின் போடும் பிள்ளைகளுக்கு

பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைந்துவிட்டால், உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது. ஆகவே ஐஸ் அறையிலோ பின்சுவரை ஒட்டியோ வைக்காமல், ஒரு டப்பாவில் போட்டு நடுத்தட்டில் வையுங்கள். சிறிய தெர்மாமீட்டர் ஒன்றும் உள்ளே இருக்கட்டும். பயன்பாட்டில் உள்ள பேனாவைப் பெரும்பாலும் நான்கு வாரம் வரை வெளியில், வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். சரியான நாள் கணக்கு மருந்தோடு வரும் தாளில் இருக்கும். கோடையில், தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் நனையாமல் வைப்பது உதவும்.

பணம் கட்டும் முறை

'வட்டியில்லாத் தவணை' என்று கடைக்காரர் சொன்னாலும், செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, தவணை தவறினால் என்ன சேர்ப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அபராத வட்டி இருந்தால் ஆலிம்களிடம் கேட்டபின் முடிவெடுங்கள். கையிருப்பில் நல்ல நிலையிலுள்ள பழையதை வாங்குவதோ, உறவினரிடம் கர்ளன் ஹஸனாவாகப் பெற்று வாங்குவதோ வட்டியில் சிக்குவதைவிட மேலானது.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியிலும் உடல்நலத்திலும் பரக்கத் செய்வானாக, ஆமீன்.