காவல்காரனுக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

கூலிம் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு 555 என்றால் சிகரெட் அப்புறம்தான், முதலில் புத்தகம். உள்ளங்கையில் அடங்கும் சின்ன நோட்டு, அட்டையில் மூன்று ஐந்துகள். தோட்டத்துக் கடையில் அரிசி, கருவாடு, சீனி எடுத்தால் கடைக்காரர் அதில் எழுதிக்கொள்வார். சம்பள நாளில் அடைக்க வேண்டும். எங்கள் புத்தகம் வெகுநாள் கடையிலேயேதான் இருந்தது. ஒரு மாதம், வாங்காத சீனி கணக்கில் ஏறியிருக்கிறது என்று அம்மா சண்டைக்குப் போனார். அடுத்த மாதத்திலிருந்து இரண்டு புத்தகங்கள்: ஒன்று கடை மேசையில், இன்னொன்று எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால். இரண்டிலும் ஒரே நேரத்தில், ஒரே கணக்கை எழுத வேண்டும். சண்டை நின்றது.

போன மாதம் அக்கா மகன் வந்திருந்தான். கூலிம் ஹைடெக் பார்க்கில் சில்லு செய்யும் ஆலையில் வேலை. சேமநிதியின் மூன்றாம் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று 2024 மே மாதத்தில் வந்த மாற்றத்துக்குப் பிறகு அந்தக் காசு அவன் கையை அரித்துக்கொண்டிருந்தது. “மாமா, பிட்காயின் நிக்குமா, இல்ல நாலு நம்பர் எடுக்கிற மாதிரிதானா?” என்றான். கேள்வி சுலபம். பதிலுக்கு 555-இலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

பிட்காயின் என்பது அடிப்படையில் ஒரு கணக்குப் புத்தகம். சத்தோஷி நாகமோத்தோ என்ற பெயருக்குப் பின்னால் இருந்தவர் யாரென்று உறுதியாகத் தெரியாது. 2008 அக்டோபர் 31 அன்று அதன் திட்டத்தை வெளியிட்டார், 2009 ஜனவரி 3 அன்று முதல் பக்கத்தை எழுதினார். எங்கள் வீட்டில் இரண்டு பிரதிகள் இருந்தன, இதற்கு உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் பிரதிகள் இருக்கின்றன. அம்மாவுக்குக் கடைக்காரர் முகம் தெரியும், தப்பு நடந்தால் வாசலில் போய் நிற்கலாம். இங்கே யாருக்கும் யாரையும் தெரியாது. ஒருவனே ஆயிரம் பொய்ப் பெயர்களில் வந்து “நாங்கள் ஆயிரம் பேர் சொல்கிறோம், இதுதான் கணக்கு” என்று சாதிக்கலாம். அப்படியிருக்க அடுத்த பக்கத்தை எழுதும் உரிமையை யாருக்குக் கொடுப்பது?

இதற்குக் கிடைத்த விடைதான் இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. எஸ்எச்ஏ-256 என்றொரு கணித இயந்திரம் இருக்கிறது. அதற்குள் எதைப் போட்டாலும், ஒரு சொல்லோ ஒரு நூலகமோ, 64 எழுத்துகள் கொண்ட ஒரு முத்திரை வெளியே வரும். போட்டதில் ஒரே ஒரு காற்புள்ளியை மாற்றினால் முத்திரை முழுக்க மாறிவிடும். முத்திரையைப் பார்த்து உள்ளே போனது எது என்று திரும்பிப் போக வழியில்லை. பிட்காயின் விதிப்படி, பக்கத்தோடு ஏதாவதொரு எண்ணைச் சேர்த்து, வரும் முத்திரையின் தொடக்கத்தில் நீளமாகப் பூச்சியங்கள் விழும்படி செய்ய வேண்டும். குறுக்கு வழி கிடையாது. ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். முதலில் கண்டுபிடிப்பவர் அந்தப் பக்கத்தை எழுதுகிறார், புதிதாகப் பிறக்கும் காசுகளைக் கூலியாக எடுத்துக்கொள்கிறார். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம். போட்டிக்கு இயந்திரங்கள் அதிகம் வந்தால், 2016 பக்கங்களுக்கு ஒருமுறை புதிரின் கடினம் தானாகவே கூட்டப்படும்.

ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்தின் முத்திரையைச் சுமந்துகொண்டு வருகிறது. பழைய பக்கத்தில் கை வைத்தால் அதற்குப் பிந்தைய எல்லாப் பக்கங்களின் புதிரையும் மறுபடி போட வேண்டும், அதுவும் மற்ற எல்லாரையும்விட வேகமாக. அப்படித் திருட ஆகும் மின்சாரக் கட்டணம் திருட்டில் கிடைப்பதைவிட அதிகம். பூட்டு என்றால் அவ்வளவுதான்.

இந்தப் புதிர் போடுவதைத்தான் ‘சுரங்கம் தோண்டுதல்’ என்கிறார்கள். ஈயலம்பத்தை வைத்துப் பிறந்த கூலிமில் அந்தச் சொல் எனக்கு ஒட்டவே மாட்டேன் என்கிறது. மண்ணுக்கடியிலிருந்து எதுவும் வருவதில்லை. இது இராக்காவல், அதற்கு மின்சாரத்தில் செலவு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிப்பில் பிட்காயின் ஆண்டுக்கு 100 டெராவாட் மணி நேரத்துக்கும் மேல் குடிக்கிறது. சிலர் அந்தச் செலவை ஊர் தலையில் கட்டினார்கள். 2021 ஜூலையில் சரவாக்கின் மிரி நகரில், திருட்டு மின்சாரத்தில் ஓடிய 1,069 இயந்திரங்களைப் போலீஸார் வரிசையாக அடுக்கி ரோடு ரோலரை ஏற்றி நசுக்கினார்கள். 2018 முதல் 2023 வரை இப்படிப் போன மின்சாரத்தின் மதிப்பு 340 கோடி ரிங்கிட் என்று துணையமைச்சர் ஒருவர் சொன்னார்.

சரி, நேர்மையாகக் கட்டணம் கட்டிக் காவல் காப்பவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? இன்றைய கூலி ஒரு பக்கத்துக்கு 3.125 பிட்காயின். நாளுக்கு 144 பக்கங்கள், 450 பிட்காயின். ஒரு காசு ஒரு லட்சம் டாலர் விற்றால் அது நாளொன்றுக்கு நாலரைக் கோடி டாலர். காசு அனுப்புபவர்கள் கட்டும் கட்டணமும் உண்டு, ஆனால் பெரும்பாலான நாட்களில் அது இதன் பக்கத்தில் நிற்காது. அப்படியானால் காவல் சம்பளம் எங்கிருந்து வருகிறது? நாளைக்கு விலை ஏறும் என்று நம்பி இன்றைக்கு வாங்குபவர் பையிலிருந்து. “நிலைத்த மதிப்பா, சூதாட்டமா” என்று எல்லாரும் இரண்டாகப் பிரித்துக் கேட்கிறார்கள். பிட்காயினில் இரண்டும் ஒரே குழாயில் ஓடுகிறது. சூதாட்டம் நின்றால் காவலும் குறையும், காவல் குறைந்தால் புத்தகத்தின் மேலுள்ள நம்பிக்கையும் போகும்.

விலை எதை வைத்து நிற்கிறது என்பதைப் பார்க்க எங்கள் பக்கத்துப் பழைய கதைகள் போதும். ஜப்பான்காரன் காலத்தில் வாழைமரம் அச்சிட்ட பத்து வெள்ளித் தாள் ஓடியது. பிந்தைய தாள்களில் தொடர் எண்கூட இல்லை. கண்ட கணக்குக்கு அடித்தார்கள். 1945 செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் அது செல்லாது என்றதும், டிரங்குப் பெட்டியில் சேர்த்தது அடுப்பெரிக்கத்தான் ஆனது. பிட்காயின் பக்தர்கள் இந்தக் கதையைக் கேட்டால் குதிப்பார்கள்: “அதனால்தான் சொல்கிறோம், எங்கள் காசை எவனும் இஷ்டத்துக்கு அடிக்க முடியாது.” உண்மைதான். மொத்தம் 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் வராது, அதில் ஏறத்தாழ 95 விழுக்காடு வந்தாயிற்று. ஆனால் அரிதாக இருப்பதாலேயே எதற்கும் விலை வந்துவிடாது. என் தாத்தாவின் கைரேகை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அடகுக் கடையில் கொண்டுபோய் வைத்தால் என்ன தருவார்கள்?

அடுத்தது ரப்பர். 1910 ஏப்ரலில் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. பால்மரம் வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். கன்றே நடாத கம்பெனிகளின் பங்குகளைக்கூட அடித்துப் பிடித்து வாங்கினார்கள். அதே ஆண்டு ஜூலையில் ஷாங்காய் ரப்பர் பங்குச் சந்தை கவிழ்ந்தபோது அங்குள்ள உள்ளூர் வங்கிகளும் வரிசையாகச் சாய்ந்தன. 1932-இல் பவுண்டு மூன்று பென்ஸுக்கும் கீழே போனது. வேலையிழந்து கப்பலேறி ஊர் திரும்பிய தமிழர்கள் லட்சத்துக்கும் மேல். சூதாட்டத்துக்குக் குறைவில்லாத சரக்குதான். ஆனாலும் விலை விழுந்த மறுநாள் காலையிலும் மரம் பால் கொடுத்தது. டயர் செய்ய அந்தப் பால் யாருக்காவது வேண்டியிருந்தது. பிட்காயினை இரவு முழுக்க வைத்திருந்தாலும் விடியற்காலையில் மங்கில் எதுவும் சொட்டியிருக்காது.

‘நம் பணத்தைவிட இது மேல்’ என்கிற நாடுகளும் உண்டே என்பார்கள். சொந்த நாணயம் உருகுகிற இடங்களில் மக்கள் டாலரோடு கட்டிய டிஜிட்டல் காசுகளைப் பயன்படுத்துகிறார்கள், எல்லை தாண்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அது மெய்யான பயன், நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே மதிப்பு டாலருடையது, புத்தகம் அதைச் சுமந்துகொண்டு போகிறது, அவ்வளவே. புத்தகம் நிற்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். அதில் எழுதிய எண்ணுக்கு என்ன விலை என்பது வேறு கேள்வி. பிட்காயினையே நேராக எடுத்துக்கொண்ட நாடும் உண்டு: எல் சல்வடோர் 2021-இல் அதைச் சட்டப்படியான பணமாக்கியது. 2025 ஜனவரியில் கடைகள் அதை வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டது.

நம் நாட்டில் பேங்க் நெகாரா இதைப் பணமாக ஏற்கவில்லை. 2019 ஜனவரி முதல் இது பங்குப் பத்திரங்களைப் போலப் பத்திர ஆணையத்தின் மேற்பார்வையில் இருக்கிறது. உரிமம் பெற்ற சந்தைகளில் வாங்கலாம், விற்கலாம். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோ காசை ‘சொத்து’ என்றது. பணமில்லை, ஆனால் உடைமை என்று சட்டங்கள் மெல்ல ஓரிடத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன.

மருமகனிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன். மலேசியச் சட்டப் புத்தகத்தில் ஏறிய தமிழ்ச் சொற்களில் ஒன்று ‘கூட்டு’. 1971-இல் வந்த கூட்டுப் பணத் தடைச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே அது இருக்கிறது. லயத்தில் பத்துப் பேர் மாதாமாதம் போட்டு எடுக்கும் கூட்டை ஒருவர் தொழிலாக நடத்தினால் ஏமாற்று எவ்வளவு சுலபம் என்று பார்த்துத்தான் அந்தச் சட்டம் வந்தது. கூலிமிலிருந்து அரை மணி நேரத் தூரத்திலுள்ள பினாங்கில் எம்பிஐ என்ற நிறுவனம் மெய்நிகர் புள்ளிகளை விற்றது. அந்தப் புள்ளிகளின் விலை ஏறும், இறங்காது என்பது வாக்குறுதி. 2017-இல் அதிகாரிகள் அதன் வங்கிக் கணக்குகளை முடக்கினார்கள். நிறுவனரைத் தாய்லாந்து 2024 ஆகஸ்டில் சீனாவிடம் ஒப்படைத்தது. அந்தக் கணக்குப் புத்தகத்துக்கு இருந்தது ஒரே ஒரு பிரதி, கடைக்காரர் மேசையில். கிரிப்டோ என்று பெயர் வைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் வரும் சரக்கில் முக்கால்வாசி இந்த வகைதான். பிட்காயின் அந்த ஏமாற்று அல்ல. அதன் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் திறந்து சரிபார்க்கலாம்.

“அப்ப வாங்கலாம்ங்கிறீங்க.”

“பொறு. கூலி நாலு வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகும். 2024 ஏப்ரல்ல 3.125 ஆச்சு. அடுத்தது 2028 வாக்குல.”

அவன் கைப்பேசியை எடுத்துக் கணக்குப் போட்டான். பிட்காயினின் விலை திரையில் ரிங்கிட்டில் ஓடிக்கொண்டிருந்தது. “1.5625. அப்ப விலை ரெண்டு மடங்கானாத்தான் காவல்காரனுக்கு இதே சம்பளம்.”

“இல்லன்னா?”

“ஒண்ணு, அனுப்புறவங்க கட்டணம் ஏறணும். இல்லன்னா பாதி மெஷினை ஆஃப் பண்ணிடுவான்.” சற்று யோசித்தான். “அதுக்கப்புறம் நாலு வருஷத்துல மறுபடி ரெண்டு மடங்காகணுமே, மாமா?”