ஆமிஷ் மக்களின் சிறுதொழில்களும் அவற்றின் வெற்றியும்

மின்வாரியக் கம்பியை வீட்டிற்குள் விடாதவர். மகிழுந்தைச் சொந்தமாக வைத்துக்கொள்ளாதவர். எட்டாம் வகுப்பிற்கு மேல் பிள்ளைகளைப் படிக்க அனுப்பாதவர். இத்தகையோர் ஒரு தொழிலைத் தொடங்கினால் அது நிலைக்குமா என்று கேட்டால், நிலைக்காது என்றே எவரும் விடையிறுப்பர். அமெரிக்க நாட்டில் வாழும் ஆமிஷ் என்னும் கிறித்தவச் சமூகத்தாரின் சிறுதொழில்கள் இவ்விடையைப் பொய்யாக்கி வருகின்றன. அந்நாட்டில் புதிதாகத் தொடங்கப்பெறும் தொழில்களுள் ஏறத்தாழப் பாதியே ஐந்தாண்டுகளைக் கடந்து நிற்கின்றன. ஆனால் பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்டர் மாவட்டத்தில் ஆமிஷ் தொழில்களை ஆராய்ந்து 1995-இல் நூல் வெளியிட்ட டொனால்டு கிரேபில், ஸ்டீவன் நோல்ட் ஆகிய அறிஞர்கள், அவற்றுள் தோல்வியுற்றவை 5 விழுக்காட்டிற்கும் குறைவே என்று காட்டினர். இவ்வேறுபாடு எங்ஙனம் விளைந்தது என்பதை ஈண்டு நோக்குவோம்.

முதற்கண் அம்மக்களைப் பற்றிச் சில சொல்லல் வேண்டும். சுவிட்சர்லாந்திலும் அல்சேசிலும் வாழ்ந்த மெனோனைட் கிறித்தவரிடையே திருச்சபை ஒழுங்கு பற்றி எழுந்த பூசலில், 1693-இல் ஜேக்கப் அம்மான் என்பாரைப் பின்பற்றிப் பிரிந்தவர்களே ஆமிஷ் மக்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவிற் குடியேறத் தொடங்கினர். இன்று அவர்தம் தொகை ஏறத்தாழ 4 இலட்சம். வீட்டில் பேசுவது ஒருவகை ஜெர்மன் மொழி. தம்மவரல்லாத அனைவரையும் ‘ஆங்கிலேயர்’ என்றே சுட்டுவர். அவர் இத்தாலியராயினும் சரி, நம்மவராயினும் சரி!

பன்னெடுங்காலம் இவர்கள் உழவர்களாகவே இருந்தனர். குடும்பந்தோறும் ஆறேழு பிள்ளைகள், நிலமோ வளர்வதில்லை. 1970-களில் லங்காஸ்டர் பகுதியில் நிலத்தின் விலை ஏறிற்று. தந்தையர் ஆலை வேலைக்குச் சென்றால் பகலெல்லாம் பிள்ளைகளைப் பிரிந்திருக்க நேரும் என்று மூத்தோர் அஞ்சினர். ஆகவே வீட்டையடுத்த கொட்டகையிலேயே தச்சுப்பட்டறையும் குதிரைவண்டிப் பட்டறையும் தோன்றின. பெண்டிர் ஒட்டுத்துணிப் போர்வைக் கடைகளை நடத்தலாயினர். பொருளீட்டும் வேட்கையினும், குடும்பம் சிதறலாகாது என்னும் கவலையே இத்தொழில்களைப் பிறப்பித்தது எனலாம்.

இத்தொழில்களுக்கு எல்லை வகுப்பது ‘ஆர்ட்னுங்’. ஜெர்மன் மொழியில் இச்சொல்லுக்கு ஒழுங்கு என்பதே பொருள். இருபது முதல் நாற்பது குடும்பங்கள் கொண்ட ஒவ்வொரு சபையும் தனக்குரிய ஒழுங்கைத் தானே வரையறுத்துக்கொள்ளும். பெரும்பாலும் அஃது எழுத்தில் இராது. பொது மின்கம்பி கூடாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. அவ்வாறாயின் மரம் அறுக்கும் பொறி எவ்வாறு சுழலும்? இங்கேதான் அவர்தம் அறிவுநுட்பம் வெளிப்படுகின்றது. கொட்டகைக்கு வெளியே ஒரு டீசல் எஞ்சினை நிறுத்தி, அதனாற் காற்றை அழுத்தித் தொட்டியில் நிரப்புகின்றனர். அக்காற்று குழாய்வழிச் சென்று மின்மோட்டார் நீக்கப்பட்ட பொறிகளை இயக்குகின்றது. சில பொறிகள் அழுத்தப்பட்ட எண்ணெயால் இயங்குகின்றன. இதனை ‘ஆமிஷ் மின்சாரம்’ என்று வேடிக்கையாகக் கூறுவர். தொலைபேசியும் அவ்வாறே: பல சபைகளில் அது வீட்டிற்குள் வாராது; வயலோரத்துச் சிறு கூண்டில் அண்டை வீட்டார்க்கும் பொதுவாய் நிற்கும். வண்டி வேண்டுமெனில் ஓட்டுநரோடு வாடகைக்கு அமர்த்திக்கொள்வர். ஆமிஷ் மக்கள் புதுமையை வெறுப்பவர் என்பது பிழையான எண்ணம். ஒவ்வொரு கருவியும் தம் கூட்டுவாழ்வை என் செய்யும் என்று வினவிய பின்னரே அவர்கள் அதனைத் தொடுகின்றனர்.

செலவு குறைந்திருத்தல் வெற்றிக்கு மற்றுமொரு காரணம். கடைக்கு வாடகையில்லை, விளம்பரம் மிகுதியில்லை, மனைவி மக்களே வேலையாட்கள். முதுமையில் தம்மவரைத் தாமே காப்பது கடமை என்பதால் அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தை அவர்கள் ஏற்கவில்லை. சொந்தத் தொழில் செய்வோர்க்கு 1965-லும், ஆமிஷ் முதலாளியிடம் பணிபுரியும் ஆமிஷ் தொழிலாளர்க்கு 1988-லும் அவ்வரியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. தீப்பிடித்துப் பட்டறை அழிந்தால் அண்டையயலார் கூடிச் சில நாட்களிலேயே மீண்டும் எழுப்பித் தருவர்.

இனித் தொழிற்பயிற்சி. பதினான்கு வயதிற் பள்ளிப்படிப்பு முடிந்ததும் சிறுவன் தந்தையிடமோ சிற்றப்பனிடமோ கைவினை கற்கின்றான். இருபது வயதில் அவன் தேர்ந்த தச்சன். இவ்வுரிமைக்காகச் சிறைசென்ற பெற்றோரும் உண்டு. இறுதியில் 1972-இல் ‘விஸ்கான்சின் எதிர் யோடர்’ வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்கு இதில் முழு உடன்பாடில்லை. மருத்துவராக விழையும் சிறுமிக்கு அச்சமூகத்துள் வழியில்லை. தச்சுத்தொழிலில் மனம் பற்றாத சிறுவனுக்கும் வாய்ப்புகள் சிலவே. வெற்றியின் விலையில் ஒரு பகுதியைப் பிள்ளைகளே செலுத்துகின்றனர் என்பதை மறைத்துப் புகழ்தல் நேர்மையாகாது.

தம்முள் நிலவும் நம்பிக்கையும் அவர்தம் முதலீடே. வழக்காடுமன்றம் ஏறுவது வழக்கமன்று, வாய்ச்சொல்லே ஒப்பந்தம். சொல் தவறியவன் வாடிக்கையாளரை மட்டுமன்றி ஞாயிறன்று உடனமர்ந்து வழிபடும் சபையாரையும் இழக்கின்றான். எனினும் இந்நம்பிக்கையே பள்ளமாகவும் மாறும். ஓஹாயோ மாநிலத்துச் சுகர்கிரீக் என்னும் ஊரில், தம்மவர் ஒருவரிடம் ஈராயிரத்திற்கும் மேற்பட்டோர் பல்லாண்டுகளாகச் சேமிப்பை ஒப்படைத்திருந்தனர். இட்ட பணத்திற் பெருந்தொகை கரைந்துபோனது 2010-இல்தான் வெளிப்பட்டது. அவர் 2012-இற் சிறைத்தண்டனை பெற்றார். கணக்கைக் கேட்பது அவநம்பிக்கை ஆகிவிடும் என்று எண்ணியோர் எத்துணைப் பேரோ!

தொழிலின் அளவு பற்றியும் கூறல் வேண்டும். ஒருவன் பட்டறை பெருகி, வேலையாட்கள் பலராகி, வருவாய் மிகின், அவன் செருக்குறுவானோ, பிறர்க்கு மேலாகத் தோன்றுவானோ என்று சபையார் கவலைகொள்வர். தொழிலதிபர் சிலர் தம் நிறுவனத்தை இரண்டாகப் பகுத்து உறவினர்க்கு அளித்ததுண்டு. புறத்தார்க்கு விற்றுவிட்டு மீண்டும் சிறிய அளவில் தொடங்கியோரும் உண்டு. பிற நாட்டு வணிகவியலார்க்கு இது பேதைமையாகத் தோன்றலாம். ஆயினும் அளவிற்கு மீறிக் கடன் வாங்கி விரிந்து வீழ்வதே சிறுதொழில் பலவற்றின் கதை. அவ்வாசல் இங்குப் பெரிதும் அடைபட்டுக் கிடக்கின்றது.

அடைபட்டதெனினும் முற்றும் தாழிடப்படவில்லை. உழவர் அனைவரும் ஒத்த நிலையில் வாழ்ந்த ஊர்களில் இன்று செல்வர் சிலரும் கூலிபெறுவோர் பலரும் உளர். புறத்தார் நடத்தும் இணையதளங்களின் வழியே ஆமிஷ் மேசை நாற்காலிகள் தொலைவிலுள்ள நகரங்களுக்கும் விற்பனையாகின்றன. கூண்டில் நின்ற தொலைபேசி சில பட்டறைகளின் உள்ளேயே வந்துவிட்டது. சில சபைகளில் இளைஞர் சட்டைப்பையிலும் கைப்பேசி இருக்கின்றது. குடும்பத்தைக் காக்க எழுந்த பட்டறைக்கு எவ்வளவு இடங்கொடுப்பது என்பதே அச்சபைகள் பலவற்றில் இன்று விவாதப்பொருள்.