கண்ணாடிப் புட்டியில் கரும்புக் குழந்தை!

திருவண்ணாமலை கார்த்திகைத் தீப விழாவுக்குப் போனவர்கள் கரும்புத் தொட்டிலைப் பார்த்திருப்பார்கள். வேண்டிக்கொண்டு பிள்ளை பெற்றவர்கள், கரும்பில் சேலையைத் தொட்டிலாகக் கட்டி, குழந்தையைக் கிடத்தி மாடவீதி சுற்றி வருவார்கள்.

அந்தக் கரும்புக்கும் ஒரு தாய் உண்டு. தாய்க்கு நோய் இருந்தால்?

பிள்ளைக்கும் வரும்!

விவசாயிகள் கரும்பை விதை போட்டு வளர்ப்பதில்லை. கரணைகளாக வெட்டி நடுகிறார்கள். தாய்க் கரும்பில் மஞ்சள் இலை நோய் இருந்தால், கரணையோடு அதுவும் வயலுக்கு வந்துவிடும். விளைச்சல் குறையும். பாடுபட்டவர் கையைப் பிசைவார்.

கடுகிலும் சிறிய நுனி

இதற்கு ஒரு வழி உண்டு. அதன் பெயர் திசு வளர்ப்பு.

கரும்புக் குருத்தின் உள்ளே கடுகைவிடச் சிறிய நுனி இருக்கிறது. அங்கே நோய்க் கிருமி பெரும்பாலும் எட்டுவதில்லை. அதை மட்டும் வெட்டி எடுத்து, சத்துப் பொருள் நிரப்பிய கண்ணாடிப் புட்டியில் வளர்க்கிறார்கள். ஒன்று பலவாகப் பெருகும். சோதித்துப் பார்த்து, நோயற்ற நாற்றுகளை வேர்விடச் செய்து, நிழலில் பழக்கிய பிறகே வயலில் நடுகிறார்கள்.

கோவையின் பெருமை

கோயமுத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் 1912-ல் தொடங்கியது. இனிப்பான கரும்பையும் காட்டுக் கரும்பையும் அங்கே ஒட்டுச் சேர்த்தார்கள். 1918-ல் 'கோ 205' என்ற புது ரகம் வெளிவந்தது. இன்று அதே நிலையம் திசு வளர்ப்பிலும் ஈடுபட்டிருக்கிறது.

நல்ல நாற்று நட்டாயிற்று என்று அயர்ந்துவிடக் கூடாது. அசுவினிப் பூச்சி நோயைத் திரும்பக் கொண்டுவரும். ஆகவே சில ஆண்டுக்கு ஒரு முறை புது நாற்று நட வேண்டும்.

தாய் நலமாக இருந்தால் பிள்ளையும் நலம். கரும்புக்கும் அதேதான்!