சர்க்கரைக்கொல்லியும் நீரிழிவும்

சிறுகுறிஞ்சான் இலையை நன்கு மென்றபின் சிறிது சர்க்கரையை வாயிலிட்டால் மணலைத் தின்பது போலிருக்கும். இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாவின் இனிப்பறியும் ஆற்றலைச் சற்றுநேரம் மறைத்துவிடுவதே இதற்குக் காரணம். இக்கொடிக்குச் சர்க்கரைக்கொல்லி என்றும் பெயருண்டு.

ஆயினும் நாவில் இனிப்பு மறைவது வேறு. இரத்தத்தில் சர்க்கரை குறைவது வேறு. உடற்பருமன் மிகும்போது, குறிப்பாக வயிற்றுப்பகுதியில் கொழுப்புச் சேரும்போது, இன்சுலின் சுரந்தும் சரிவரச் செயற்படுவதில்லை. இரண்டாம் வகை நீரிழிவுக்கு இதுவே பெரிதும் வழிகோலுகிறது. சிறுகுறிஞ்சான் இரத்தச் சர்க்கரையை ஓரளவு குறைக்கக்கூடும் எனச் சில ஆய்வுகள் காட்டினும், அவை சிறிய அளவில் நடைபெற்றவையே. வெந்தயத்தை ஊறவைக்கும்போது வெளிப்படும் வழவழப்பான நார்ப்பொருள், உணவிலுள்ள சர்க்கரை குடலில் உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்துகிறது. வயிறு நிறைந்த உணர்வையும் தருகிறது. இவை துணை செய்வன, மருந்துக்கு ஈடாகா.

மூலிகை மருந்தாகும் வழி நெடியது. ஐரோப்பாவில் கலேகா என்றொரு செடி உண்டு. அதிலுள்ள கலேகின் என்னும் பொருள் சர்க்கரையைக் குறைத்தது. ஆனால் நஞ்சாகவும் இருந்தது. அச்செடியை மிகுதியாக மேய்ந்த ஆடுகள் மடிந்ததுமுண்டு. அதனோடு வேதியியல் உறவுடைய மெட்பார்மின் 1922-இல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டது. 1957-இல் ழான் ஸ்டெர்ன் என்னும் பிரெஞ்சு மருத்துவர், நீரிழிவு நோயாளருக்கு அதனை அளித்துக் கண்ட பயனை வெளியிட்டார். அம்மருந்துக்கு அவர் சூட்டிய குளுக்கோபாஜ் என்னும் பெயருக்குக் குளுக்கோஸை உண்பது என்பது பொருள். நம் சர்க்கரைக்கொல்லியை ஒத்த பெயர்தானே! உடற்பருமனுள்ள நீரிழிவு நோயாளர்க்கு மெட்பார்மின் நோயின் பின்விளைவுகளையும் இறப்பையும் குறைத்ததை, 1998-இல் வெளியான பிரித்தானியப் பேராய்வு உறுதிசெய்தது.

இன்று பலரும் பயன்படுத்தும் இம்மாத்திரையின் வரலாறு ஒரு செடியில் தொடங்கியதே. நஞ்சு நீங்கி, அளவு வரையறுக்கப்பட்டு, பல்லாண்டுச் சோதனையைக் கடந்த பின்னரே அது மருந்தாயிற்று.

ஆதலின் அன்பர்களே, மூலிகையை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் கண், சிறுநீரகம், கால் ஆகியவை ஓசையின்றிப் பழுதடையலாம். மருந்தோடு மூலிகையையும் தாமாகவே சேர்த்துண்டால், சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம் நேரலாம். மூலிகை உண்போர் அதனை மருத்துவரிடம் மறையாது கூறுக. உணவில் அளவும் நாள்தோறும் நடையும் பேணுக, நலமுடன் வாழ்க!