வாசலில் ஒரு ஹெரால்டு – 6: கிரீஸ் அல்ல, எண்ணெய்

ஹெரால்டின் பானட்டைத் தூக்கி முன்பக்கம் சாய்த்தால் மட்கார்டுகளும் அதோடு சேர்ந்து போய்விடும். எஞ்சின், ஸ்டீயரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைக் கழற்றலாம். பள்ளமும் ஹாய்ஸ்ட்டும் இல்லாமல், வீட்டு வாசலில் ஒரு பழைய காரை மீட்க நினைப்பவருக்கு இதைவிட இணக்கமான வண்டியை நான் பார்த்ததில்லை.

இது ஒரு நெருக்கடியில் பிறந்த வசதி. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. புதிய காருக்கு முழு பாடியையும் ஒரே கூடாக அடித்துத் தர ஆள் கிடைக்கவில்லை. அதனால் தனி சேஸிஸ் போட்டு, அதன்மேல் பாடியைப் பகுதி பகுதியாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். இத்தாலியரான ஜியோவானி மிகலோட்டி வரைந்த உருவம் அது. 1959-ல் அங்கே வெளிவந்தது. 1961-லிருந்து ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் அதைச் சென்னையில் தயாரித்தது. வண்டலூர்ப் பக்கம் ரயிலில் போன பழைய ஆட்களுக்கு அந்தத் தொழிற்சாலை நினைவிருக்கும். பிற்பாடு வந்த நான்கு கதவு ஹெரால்டு இங்கே மட்டும்தான் உருவானது. இங்கிலாந்தில் அப்படி ஒன்று கிடையாது.

பாடியைக் கழற்றிய சென்ற வாரப் பகுதியைப் படித்துவிட்டுப் பலர் கேட்டது ஒரே கேள்வி: பெயின்ட் எப்போது? இப்போது இல்லை. பழைய கார் வாங்கியதும் டிங்கரிங், பட்டி, பெயின்ட், குரோம் என்று கையிருப்பையெல்லாம் மேல்பூச்சில் கரைத்துவிட்டு, பிரேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் வரும்போது வெறும் கையோடு நிற்பவர்கள் ஏராளம். வண்டி கண்காட்சியில் பளபளக்கும். சாலையில் அதை நம்பிக் குடும்பத்தை ஏற்ற முடியாது. கீழே உள்ளதை முதலில் முடிப்போம். அதிலும் முதல் வேலை, முன் சக்கரத்தைத் தாங்கும் ட்ரன்னியன்.

சக்கரத்தின் உட்பக்கம் நெட்டுக்குத்தாக ஓர் இரும்புத் தண்டு நிற்கும். அதன் மேல்முனையில் பால் ஜாயிண்ட். கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு வெண்கல வார்ப்புக்குள் திருகி இறங்கியிருக்கும். அந்த வார்ப்புதான் ட்ரன்னியன். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது, ஜாடி மூடி திருகுவதுபோலத் தண்டு அந்த மரைக்குள் சுழல்கிறது. ஸ்பிரிங் தாங்கும் பாரம் கீழ்க்கை வழியாக வருவதால், வண்டியின் முன்பக்க எடை முழுவதும் இருபுறமும் உள்ள இந்த மரைகளின் மேல்தான் விழுகிறது.

கம்பெனி சொன்னது இதற்கு எண்ணெய். கியர் பாக்ஸுக்கு ஊற்றும் அதே தொண்ணூறாம் நம்பர் ஆயில். சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை அடிப்பக்கத் திருகைக் கழற்றி, அங்கே ஒரு நிப்பிளை மாட்டி, கன்னில் எண்ணெய் நிரப்பி அடிக்க வேண்டும். மேல்விளிம்பில் புது எண்ணெய் கசிந்து வந்தால் போதும்.

நம் ஊரில் நடந்தது வேறு. அன்றைய மெக்கானிக்குகள் கை பழகியது மோரிஸ் மைனரில். அதன் முன் சக்கரத்திலும் இதே மாதிரி மரை மூட்டு உண்டு. அதற்கு கிரீஸ்தான் உயிர், கிரீஸ் போடாவிட்டால் சக்கரம் கழன்று சாயும். ஆகவே நிப்பிளைக் கண்டால் கிரீஸ் கன் தானாகவே நீளும். அவர்கள் செய்தது அக்கறையோடு செய்த வேலை. ஆனால் ஹெரால்டின் மரை இடுக்கில் கிரீஸ் மேல்வரை ஏறாது. அடியில் தங்கிக் காய்ந்து கெட்டிப்படும். பின்னால் எண்ணெய் அடித்தாலும் அதைத் தாண்டிப் போகாது. மேலே உள்ள மரைகள் வறண்டுபோக, மழைத் தண்ணீர் விளிம்பில் தேங்கி இரும்பை அரிக்கும். ஒருநாள் தண்டு அந்த இடத்திலேயே முறியும். பெரும்பாலும் வீட்டு வாசலிலோ நிறுத்துமிடத்திலோ, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது முறிவதால் உயிர் பிழைக்கிறோம். ஜி.எஸ்.டி. சாலையில் ஓடும்போது முறிந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

என் வண்டியில் எனக்குக் கைகொடுப்பவர் வண்டலூர் ஹெரால்டுகளைப் புதுசாகப் பார்த்த தலைமுறை மெக்கானிக். “அண்ணே, கிரீஸ் போட்டாத்தான் என்ன?” என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான். அவர் பதில் சொல்லவில்லை. கழற்றிய ட்ரன்னியனுக்குள் ஒரு கம்பியை விட்டு, சோப்புக்கட்டி மாதிரி இறுகிப்போன பழைய கிரீஸைச் சுரண்டி அவன் உள்ளங்கையில் வைத்தார். “இதுக்குள்ள எண்ணெய் எப்படிப்பா போகும்?”

இனி வேலை. ஜாக்கி தூக்க மட்டும்தான். வண்டி ஸ்டாண்டில் நிற்க வேண்டும், செங்கல்லில் அல்ல. ஸ்பிரிங் சுருங்கியிருக்கும்போது அதில் பெரிய விசை அடங்கியிருக்கிறது. கம்ப்ரஸர் இல்லாமல் அதைத் தொடாதீர்கள், வாடகைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள். தண்டை வெளியே எடுத்ததும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ் போட்டு மரையைக் கழுவுங்கள். கண்ணுக்குத் தெரியும் துருக்குழி இருந்தால் அந்தத் தண்டைத் தூக்கி எறியுங்கள், யோசிக்கவே வேண்டாம். சுத்தமாகத் தெரிந்தாலும் விரிசல் சோதனை செய்ய வேண்டும். வெல்டிங் பட்டறைகளில் இதற்கான ஸ்பிரே டப்பாக்கள் உண்டு. சிவப்புத் திரவத்தை அடித்து ஊறவிட்டு, துடைத்து, வெள்ளைப் பொடியை அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எழும்பி வரும்.

லேத்தில் புதுத் தண்டு கடைந்து தருகிறேன் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நம் லேத் பட்டறைக்காரர்களின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெண்கல வார்ப்பை அவர்களிடம் தாராளமாக நம்பிக் கொடுக்கலாம். ஆனால் தண்டு நெருப்பில் அடித்து உருவாக்கிய உருக்கு. கடைந்த கம்பிக்கு அந்த வலு வராது. முறிந்ததை வெல்டிங் வைத்து ஒட்டும் பேச்சுக்கே இடமில்லை. வேறு வண்டியின் முன் சஸ்பென்ஷனையே வெட்டி ஒட்டிவிடலாம் என்பது இன்னொரு யோசனை. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 வயது கடந்த வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு எண் வாங்கலாம். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அது கிடைக்காது. சேஸிஸில் கைவைக்கும் முன் அதை நினைவில் கொள்ளுங்கள். தண்டு, ட்ரன்னியன் உதிரிபாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. விலை கூடுதல்தான். பெயின்டில் குறைத்துக்கொண்டு இதை வாங்குங்கள்.

பூட்டும்போது கவனிக்க ஒன்று: இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் மரை எதிரெதிர்த் திசை. கழற்றும்போதே பெயின்டால் குறி வைத்துக்கொள்ளுங்கள். ட்ரன்னியனை எண்ணெய் தடவி முட்டும்வரை திருகிவிட்டு, ஒரு சுற்றுக்குள் பின்னால் தளர்த்த வேண்டும். இல்லையென்றால் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பும்போது அடி தட்டும். மேலே உட்காரும் ரப்பர் சீலைப் புதிதாகப் போடுங்கள், தண்ணீரைத் தடுப்பது அதுதான். பிறகு எண்ணெய்.

வேலை முடிந்ததும் பானட்டின் உட்பக்கத்தில், யார் திறந்தாலும் கண்ணில் படுகிற மாதிரி, ‘கிரீஸ் போடாதே, 90 ஆயில்’ என்று பெயின்டில் எழுதிவையுங்கள். உங்களுக்குப் பிறகு இந்த வண்டி யார் கைக்குப் போனாலும் அது அங்கே இருக்கட்டும்.

சக்கரம் கழன்றிருக்கும்போதே பிரேக்கையும் கவனித்துவிடுவோம்: அதன் ரப்பர்கள் எப்படி இருந்தாலும் சரி, எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். அதில் பார்த்து முடிவு செய்ய ஒன்றுமில்லை. அடுத்த வாரம் பின் அச்சுக்குப் போகிறோம். வளைவில் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் ஹெரால்டின் பின் சக்கரங்கள் உள்பக்கம் மடங்குவது ஏன், அதைக் கட்டுப்படுத்துவதில் குறுக்கே கிடக்கும் பட்டை ஸ்பிரிங்கின் பங்கு என்ன என்று பார்ப்போம். அதற்குள் பின் சக்கர நட்டுகளில் துரு தளர்த்தும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள்.